குளிர்ந்த காலோடு களமிறங்கியவளுக்கு

தர்ஷினி,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துவிடு. காலையில் தேநீர் கொடுக்கும்போதே இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தத் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் நம் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து இஞ்சி கொண்டுவந்து கொடுப்பார்கள். அதைவிடப் பெரிய தடை என் வாய். வகுப்பில் பிள்ளைகளுக்கு முன்னால் மட்டும்தான் எனக்குக் குரல் வருகிறது. பெரியவர்கள் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் அது எங்கோ போய் ஒளிந்துகொள்கிறது. லயத்தின் முதல் பட்டதாரி என்று கூட்டங்களில் எனக்கு முன்வரிசையில் நாற்காலி போடுகிறார்கள். நான் பின்னால் போய்க் கதவோரம் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கிருந்தால் எல்லாரையும் பார்க்கலாம், என்னை யாரும் பார்க்க மாட்டார்கள். பார்ப்பது எனக்கு நன்றாக வரும். பேசுவதுதான் வராது. அதனால் பள்ளிக்கூட இடைவேளைகளில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து இதைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். முதலில் நீ படி. நீ சம்மதித்தால் எங்கள் பள்ளி மலரிலும் போடச் சொல்வேன். மகளை விளையாட அனுப்புகிற மற்ற வீடுகளும் படிக்கட்டும். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில்தான் கேட்பேன். முதலிலேயே கேட்டால் மீதியைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய்.

போன ஞாயிற்றுக்கிழமை தோட்டத் தலைவர் நம் வீட்டுக்கு வந்தாரே, அதிலிருந்து தொடங்குகிறேன். திருவிழாவுக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது. தேர் சுற்றி முடிந்த மறுநாள், வருகிற ஞாயிறு, தோட்டத்தின் மேல்பிரிவுக்கும் நமக்கும் பெண்கள் வலைப்பந்து ஆட்டம். அவர் நாற்காலியில் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார். "டீச்சரம்மா, ஒங்க மக எறங்குனா கப்பு நம்மளுக்குத்தான். மேப்பிரிவுக்காரங்க வாயி ரொம்ப நீண்டு போச்சி. ஒரு தடவ அடக்கி வச்சிருவோம்." உன் அப்பா உன்னைக் கேட்காமலே பதில் சொன்னார். "பாப்பா ஆடும் தலைவரே. காலெல்லாம் சரியாப் போச்சி. பாக்குறீங்கதானே, ஓடித் திரியுது." நீயும் முன்திண்ணை இஸ்தோப்பில் நின்றபடியே, "ஆடுறேன் மாமா, ஜெர்சி மட்டும் நல்லதா எடுங்க. போன தடவ எடுத்தது ஒரே கழுவுல பொம்மைக்குப் போடுற மாதிரி ஆகிப் போச்சி" என்றாய். எல்லாரும் சிரித்தீர்கள். நான் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்று, "கண்டி ஆஸ்பத்திரி மிஸ்கிட்ட கடைசியா ஒரு தடவ காலக் காட்டச் சொன்னாங்க, இன்னும் காட்டலைங்க" என்றேன். தலைவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தேத்தண்ணி நல்லா இருக்கு டீச்சரம்மா" என்றார். அவர் போன பிறகு உன்னிடம் மறுபடி சொல்ல வாயெடுத்தேன். "அம்மா, சும்மா இருங்க. நீங்க சொன்னா யாரும்மா கேக்குறா?" என்றாய். கோபத்தில் சொல்லவில்லை, செல்லமாகத்தான் சொன்னாய். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

அந்த ஆட்டம் முடிந்து இரண்டு வாரத்தில் நீ கொழும்புக்கு வேலைக்குப் போகிறாய். உன்னைக் கூப்பிட்ட நிறுவனம் உன் படிப்பைப் பார்த்து வேலை தரவில்லை. தங்கள் வலைப்பந்து அணிக்காகத்தான் உன்னை எடுத்திருக்கிறது. உன் முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது அவர்களுக்குத் தெரியும். சேர்ந்த முதல் வாரத்தில் அவர்களுடைய பயிற்சியாளர் காலைச் சோதித்துப் பார்த்த பிறகே உறுதி செய்வோம் என்று சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கால் மறுபடி மடங்கினால் கொழும்பு இல்லை. அதற்குப் பிறகு உனக்கு வலைப்பந்தே இல்லை. இது எனக்குத் தெரிகிற அளவுக்கு உனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் "ஆடுறேன் மாமா" என்றாய். ஊர் கேட்டால் இல்லை என்று சொல்ல உனக்கு வராது. அதை என்னிடமிருந்துதான் எடுத்துக்கொண்டாய். நான் வாயை மூடிக்கொண்டு சம்மதிப்பேன், நீ சிரித்துக்கொண்டு சம்மதிக்கிறாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

உன் காலில் அடிபட்ட கதையை ஊரில் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். "பாவம், நேரம் சரியில்ல." நான் அதை நம்பவில்லை. நீ பள்ளியில் படித்த காலத்தில் மாகாணப் போட்டிக்கு நீங்கள் தெரிவானபோது உங்கள் விளையாட்டு மாஸ்டர் பெற்றோரைக் கூப்பிட்டு, பள்ளி விட்ட பிறகு தினமும் ஒரு மணித்தியாலம் பயிற்சி வேண்டும் என்று கேட்டார். அந்தக் கூட்டத்தில் நானும் கதவோரம் இருந்தேன். "வயசுக்கு வந்த புள்ளைங்கள இருட்டுற நேரம் வரைக்கும் கிரவுண்டுல குதிக்க விடுறதா? ஊர் என்னா பேசும்?" என்று முதலில் கேட்டது ஒரு அப்பா. அடுத்துப் பேசியவர் தலைவர். "மாஸ்டர், நம்ம புள்ளைங்க டவுன் புள்ளைங்களா? பொறந்ததுல இருந்து மல ஏறி எறங்குற காலு. இந்தக் காலுக்கு என்னாத்துக்கு எக்சசைஸ்?" எல்லாரும் கை தட்டினார்கள். மாஸ்டர் இளவயதுக்காரர், வெளியூர், அவருக்கும் என் வியாதிதான். தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் சனிக்கிழமை காலைப் பயிற்சி மட்டும் என்று முடிவானது. அதுவும் தேயிலைக் கொழுந்து கூடிப் பறிக்க ஆள் போதாத வாரங்களில் தண்ணீர் எடுக்கவும் தம்பி தங்கையைப் பார்க்கவும் ஆள் வேண்டும் என்று நின்றுபோனது. பழக விடமாட்டார்கள், ஆனால் கப்பு வேண்டும். இதே ஊரில் மாசி மாதம் காமன் கூத்துக்கு ஆம்பிளைகள் விரதம் இருந்து, நாள் கணக்காக அடவு பழகுகிறார்கள். அதை ஒருவரும் எதற்கு என்று கேட்பதில்லை. ஆடுகிற காலுக்குப் பழக்கம் வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியாத விஷயமல்ல. பிள்ளைகளின் காலுக்கு வேண்டும் என்று தோன்றவில்லை.

போட்டி நாள் காலையை நீ எப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாயோ தெரியாது. எனக்கு அது இப்படித்தான் இருக்கிறது. விடியும் முன்பே உங்களைக் குளிக்க வைத்து, ஈரத் தலையோடு மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். பூசை முடியும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஐயர் வரத் தாமதமானதால் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு வரிசையாக நின்றீர்கள். பிறகு சப்பாத்தைப் போடச் சொல்லி, ஒவ்வொருத்தியின் காலுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னார்கள். புது பஸ்ஸுக்குச் செய்வதை உங்களுக்குச் செய்தார்கள். நீ உன் சிநேகிதியிடம், "அப்படியே டயருக்குக் காத்தும் பாக்கச் சொல்லுடி" என்று கிசுகிசுத்ததைக் கேட்டேன். நான் சிரித்துவிட்டேன், ஆனால் நீ சொன்னதுதான் சரி. பஸ்ஸுக்கு எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகு டயர், பிரேக், எண்ணெய் எல்லாம் பார்ப்பார்கள். உங்களுக்கு எலுமிச்சம்பழத்தோடு சரி. உன் சப்பாத்து யாரிடமோ இரவல் வாங்கியது, ஒரு அளவு பெரிது. முன்னால் துணி அடைத்திருந்தாய். பூசைக்குப் பிறகு சாப்பிட நேரமில்லை. கையில் ஆளுக்கொரு வாழைப்பழத்தைக் கொடுத்து, ஈரம் காயாத கொழுந்து லொறியில் ஏற்றி, நுவரெலியா வரைக்கும் நின்றபடியே கொண்டுபோனார்கள்.

மைதானத்தில் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. எதிரணி டவுன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உங்களுக்கு முன்பே வந்திருந்தார்கள். முதலில் மெதுவாக ஓடினார்கள். பிறகு பக்கவாட்டில் கால் வைத்து ஓடினார்கள், குதித்து இரண்டு காலில் இறங்கினார்கள், ஒற்றைக் காலில் நின்று ஒருவருக்கொருவர் பந்து எறிந்தார்கள். அவர்களுடைய கன்னம் சிவந்து, நெற்றியில் வேர்த்திருந்தது. நம் ஆட்கள் சிரித்தார்கள். "மேச் தொடங்கவே இல்ல, அதுக்குள்ள களைச்சி விழுதுங்க பாரு!" நீங்கள் அப்பாமாருடைய சுவெட்டருக்குள் கையை மடக்கிக்கொண்டு ஒடுங்கி நின்றீர்கள். அப்போது மைதானத்தின் ஓரத்தில் தப்புக்காரர்கள் பழைய பேப்பரைக் கொளுத்தித் தப்பைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். குளிரில் தோல் தொய்ந்திருந்தால் சத்தம் வராது, வேகமாக அடித்தால் கிழிந்துகூடப் போகும். அதனால் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, பிறகு மறுபடியும் காட்டினார்கள். எவ்வளவு பொறுமையாகச் செய்தார்கள், தெரியுமா. ஒரு மாட்டுத் தோலுக்கு இருந்த அந்தக் கவனம், அதிலிருந்து பத்தடி தள்ளி நடுங்கிக்கொண்டு நின்ற பிள்ளைகளின் தசைக்கு இல்லை. அந்தக் காட்சியை நான் இன்றுவரை மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

நீ நன்றாகத்தான் ஆடினாய். போட்ட பந்தெல்லாம் வளையத்துக்குள் விழுந்தது. நம் சனம் தலைகால் தெரியாமல் கத்தியது. பிறகு உயரமாக ஒரு பந்து வந்தது, ஓடிவந்து எம்பிப் பிடித்தாய். வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவள் ஓட முடியாது, இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும். வந்த வேகம் முழுவதையும் முழங்கால்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். நீ வலது காலில் இறங்கினாய். பாதம் அந்தப் பெரிய சப்பாத்துக்குள் ஒரு பக்கம் நின்றது, முழங்கால் உள்பக்கமாக மடிந்தது. கதவு திறக்கக் கூடாத பக்கம் திறந்ததுபோல இருந்தது எனக்கு. விழுந்தாய். அடுத்த நிமிடம் மைதானத்தில் இறங்கியவர்கள் எல்லாரும் ஆம்பிளைகள். "ஒண்ணுமில்ல, சுளுக்குத்தான்." "எந்திரி புள்ள, எந்திரிச்சி நடந்தா சரியாப் போகும்." "நீ போயிட்டா கோல் அடிக்க யாரு இருக்கா?" உன் அப்பா ஒரு கையையும் தலைவர் ஒரு கையையும் பிடித்துத் தூக்கினார்கள். நான் கோட்டுக்கு வெளியே நின்று, "வேணாங்க, புள்ளைய வெளிய கொண்டாங்க" என்றேன். சொன்னேன் தர்ஷினி. ஆனால் தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் நின்ற பெண்ணுக்கே கேட்கவில்லை, "என்னா டீச்சர்?" என்று திரும்பினாள். நீ பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, சில அடி ஓடி, மறுபடி அதே காலில் விழுந்தாய். முதலில் அறுந்தது தசைநார் மட்டும். இரண்டாவது விழுகையில் உள்ளே இருந்த சவ்வும் கிழிந்திருக்கலாம் என்று பிறகு கண்டி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

யாரோ ஒருவர் அதை போனில் வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். உனக்கும் வந்தது, நீ திரும்பத் திரும்பப் பார்த்தாய். எப்படி இறங்கினேன் என்று பார்ப்பதாகச் சொன்னாய். நானும் உனக்குத் தெரியாமல் பல தடவை பார்த்திருக்கிறேன். நான் அதில் தேடியது உன் காலை அல்ல, என் குரலை. போனைக் காதோடு வைத்துக் கேட்டேன். தப்புச் சத்தம் இருக்கிறது, தலைவருடைய குரல் இருக்கிறது, ஒரு கைக்குழந்தை அழுவதுகூட இருக்கிறது. என் குரல் இல்லை.

பிறகு நடந்ததை நீயே அறிவாய். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன், சுளுக்குக்கு ஆஸ்பத்திரியா என்று நாட்டு வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். வீங்கி மினுமினுத்த முழங்காலில் சூடான எண்ணெய் ஊற்றி உருவினார் அவர். நீ கத்தியது சாலைவரை கேட்டது. புதிதாக வீங்கிய இடத்தில் சூடும் உருவலும் கூடாது. குளிர் ஒத்தடம் வைத்து, கட்டி, உயர்த்தி, அசையாமல் வைத்திருக்க வேண்டும். அதைச் செய்ய அந்தக் குளிரில் ஒரு துணியை நனைத்தாலே போதும். நம் மலையில் எல்லாமே குளிராக இருக்கிறது, அதை வேண்டிய இடத்தில் வைக்கத்தான் ஆள் இல்லை. கடைசியில் உன் அப்பாவே கண்டி ஆஸ்பத்திரிக்குப் போக உன்னை முதுகில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தார். அதை நான் மறைக்க மாட்டேன். சத்திரசிகிச்சைக்குப் பிறகு உன்னைக் கழிப்பறைக்குப் பள்ளத்தில் தூக்கிப் போனதும், மழையில் திரும்பத் தூக்கி வந்ததும் அவர்தான். தூக்கத் தெரிந்த மனிதர். நிறுத்தத் தெரியாத மனிதர்.

கண்டியில் அந்த இயன்முறைச் சிகிச்சை மிஸ்ஸை உனக்கு மிகவும் பிடிக்கும். அவர் சிங்களத்தில் கேட்டதை நான்தான் உனக்குத் தமிழில் சொன்னேன். போட்டிக்கு எத்தனை வாரத்துக்கு முன்பு பயிற்சி தொடங்கினீர்கள் என்று கேட்டார். குதித்து இறங்கப் பழக்கினார்களா என்று கேட்டார். அன்று என்ன சாப்பிட்டாள், ஆட்டத்துக்கு முன்பு உடம்பைச் சூடேற்றினாளா, சப்பாத்து யாருடையது என்று கேட்டார். நான் ஒவ்வொன்றையும் உன்னிடம் கேட்பதுபோலக் கேட்டு, நீ சொன்னதை அவரிடம் திருப்பிச் சொன்னேன். எலுமிச்சம்பழத்தைச் சொல்ல எனக்குச் சிங்களம் போதவில்லை என்று நடித்தேன். அவர் கோபப்படவில்லை. உன் நல்ல காலில் ஒரு சின்னப் பலகையிலிருந்து இறங்கச் சொன்னார். அந்தக் காலும் இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்ந்தது. "பாருங்கள், இதுவும் அதே மாதிரித்தான்" என்றார். தலைவர் பெருமைப்பட்ட அந்த மலையேறும் காலைப் பற்றி அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஏறி இறங்கித் தொடையின் முன்பக்கம் இறுகியிருக்கிறது. பின்பக்கமும் இடுப்பும் அதற்கு ஈடாக வளரவில்லை. மலை ஏறுகிற கால் வேறு, ஓடிவந்து குதித்துச் சட்டென்று நிற்கிற கால் வேறு. அதைத் தனியாகப் பழக்க வேண்டும். இரண்டு காலில், மெத்தென்று, முழங்காலை மடித்து, அது கால்விரலுக்கு நேராக நிற்கும்படி இறங்க வேண்டும். போட்டிக்குப் பல வாரம் முன்பிருந்தே, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கூட்டிச் செய்ய வேண்டும். "இப்படிப் பழகினால் ஒருபோதும் அடிபடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அடிபடுகிற பிள்ளைகள் குறைவார்கள்" என்றார். அதை உனக்கு இரண்டு தடவை சொன்னேன். நீ வேறு பக்கம் பார்த்தாய்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் உன்னைப் பார்த்து நான் அடைந்த பெருமையை உன்னிடம் சொன்னதே இல்லை. பழைய சைக்கிள் ட்யூபைத் தூணில் கட்டி இழுப்பாய். சுவரோடு முதுகை ஒட்டி, நாற்காலி இல்லாமலே உட்கார்ந்திருப்பாய். இஸ்தோப்பில் ஒற்றைக் காலில் நிற்பாய். அடுத்த வீட்டுப் பெரியம்மா, "என்னா புள்ள, கொக்காட்டம் நிக்கிற?" என்றதற்கு, "மீனு வந்தா சொல்லுங்க பெரியம்மா, கண்ண மூடிக்கிட்டு நிக்கிறேன்" என்றாய். லயமே சிரித்தது, நீ அசையவில்லை. அந்தப் பிடிவாதம்தான் உன்னை மறுபடி ஓட வைத்தது. வேறு யாரும் இல்லை. நீ படுத்திருந்தபோது தலைவர் ஒரு தடவை பாலில் கலக்கிற மோல்ட் மாவு டின்னோடு வந்து, எப்போது ஆடுவாய் என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்த வருடம் உன் இடத்துக்கு இன்னொரு பிள்ளையை எடுத்து, அவள் காலுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். உன் காலைப் பார்த்தும் இந்த ஊர் ஒன்றையும் கற்றுக்கொள்ளவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கசக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

இப்போது நீ கோபித்துக்கொள்ளப் போகிற இடத்துக்கு வருகிறேன். வலி நின்றதும் நீ பயிற்சியை நிறுத்திவிட்டாய். கொழும்புக் கடிதம் வந்த சந்தோஷத்தில் கண்டிக்குக் கடைசியாகப் போக வேண்டிய நாளும் தவறியது. அந்தச் சைக்கிள் ட்யூபைக் கொண்டு இப்போது அப்பா விறகுக் கட்டைக் கட்டியிருக்கிறார். அடிபட்ட கால் மற்றக் காலுக்குச் சமமாகக் குதித்துக் காட்டும்வரை ஆட்டம் இல்லை என்று மிஸ் சொன்னதை நீயும் கேட்டாய். நான் சோதித்துப் பார்க்கப் படித்தவள் அல்ல, ஆனால் பார்க்கத் தெரிந்தவள். லயத்திலிருந்து சாலைக்கு இறங்கும் அந்த உயரமான கல்படிகளில் நீ ஒவ்வொரு படிக்கும் வலது காலைத்தான் முதலில் கீழே வைக்கிறாய். அப்படியென்றால் மேலே நின்று உன் உடம்பைத் தாங்கி இறக்குவது இடது கால். ஒரு தடவைகூட மாற்றி இறங்கவில்லை. கொய்யா மரத்தில் எம்பிப் பறித்துவிட்டு இறங்கும்போதும் இடது பக்கம்தான் சாய்கிறாய். உன் வாய் "சரியாப் போச்சி" என்கிறது. உன் கால் இன்னும் நம்பவில்லை. வலி போவது வேறு, பலம் வருவது வேறு. மாதக் கணக்கில் விட்டதை ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடி ஈடு செய்ய முடியாது. அது தப்பைச் சூடு காட்டுவதுபோலத்தான். கிழிந்த தப்பை எவ்வளவு காட்டினாலும் சத்தம் வராது.

கொழும்புக்குப் போனதும் அங்கே உன்னைச் சோதிக்கும் பயிற்சியாளரிடம் இந்தப் படி விஷயத்தை நீயே சொல். மறைக்காதே. இன்னும் சில மாதம் பலப்படுத்த வேண்டும் என்று சொன்னால் முகம் சுளிக்காமல் செய். ஆட்டத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்பே வயிறாரச் சாப்பிடு. விரதம் இருக்க வேண்டுமென்றால் ஆட்டம் இல்லாத நாளில் இரு, அம்மன் ஒன்றும் சொல்ல மாட்டாள். உன் முதல் சம்பளத்தில் எனக்குச் சேலை வேண்டாம், உன் காலுக்கு அளவான சப்பாத்து வாங்கு. ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வந்தால், களைத்துப் போனால், களைத்துப் போனேன் என்று சொல். தூக்கம் கெட்டு ஆடாதே. விழுந்த பிறகு யார் "எந்திரி" என்றாலும் நீயாக உணர்ந்து பார்க்காமல் எழாதே.

உன் அப்பா ஏன் இந்த ஆட்டத்துக்கு இவ்வளவு ஆசைப்படுகிறார் என்பதும் எனக்குத் தெரியும். நேற்று தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வந்தவரிடம் எப்படியோ வாயைத் திறந்து கேட்டேன். "கொழும்புல ஆடுறத நா எங்க போயி பாக்கப் போறேன்? ஒரு தடவ, நம்ம கிரவுண்டுல, எங் கண்ணால பாத்துக்குறேனே" என்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதியாகக் குறைந்தது. பாதி அப்படியே இருக்கிறது. அவரை ஒரு நாள் கொழும்புக்குக் கூட்டிப்போய் உட்கார வைக்கலாம், வட்டவளையில் ரயில் ஏறினால் போதும். முழங்காலை அப்படி எங்கும் போய் வாங்கி வர முடியாது.

இனி நான் கேட்க வந்தது.

சனிக்கிழமை மாலைப் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் கூட்டம் கூடும். ஞாயிறு ஆடப்போகிறவர்களின் பெயரைத் தலைவர் வாசிப்பார். உன் பெயர்தான் முதலில் வரும், எல்லாரும் கை தட்டுவார்கள். உன்னால் அந்தக் கைதட்டலுக்கு நடுவில் இல்லை என்று சொல்ல முடியாது. உன்னைச் சொல்லும்படி நான் கேட்கவும் இல்லை. நான் சொல்லப் போகிறேன். இந்த முறை கதவோரம் உட்கார மாட்டேன். அவர்கள் போடுகிற முன்வரிசை நாற்காலியிலேயே உட்கார்ந்து, அங்கிருந்து எழுந்து, "எம் மக ஆட மாட்டா, அவ காலு இன்னும் தயாராகல" என்று சொல்லப் போகிறேன். நான் உன்னைப் போலத்தான், பழகாமல் இறங்கினால் எனக்கும் உடைந்துவிடும் என்பது தெரியும். அதனால் இந்த வாரம் முழுவதும் பிள்ளைகள் போன பிறகு வெறும் வகுப்பில் நின்று அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகுகிறேன். முதல் நாள் மேசைக்கே கேட்கவில்லை. நேற்று பிள்ளைகள் உட்காரும் கடைசி வாங்குவரை போனது. இன்று, வெளியே முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்து, "யார ஏசுறீங்க டீச்சர்?" என்று கேட்டார். சனிக்கிழமைக்குள் தயாராகிவிடுவேன்.

நான் எழுந்து நிற்கும்போது ஊர் சிரிக்கும், அப்பா என்னை முறைப்பார், தலைவர் தேநீரைப் பற்றி ஏதாவது சொல்வார். அதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். நான் தாங்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். அந்த நேரம் நீ சிரித்துக்கொண்டு என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அம்மா, சும்மா இருங்க" என்று சொல்லிவிடாதே. என்னோடு சேர்ந்து பேச வேண்டாம், எழுந்து நிற்கவும் வேண்டாம். நான் சொல்லி முடிக்கும்வரை, ஒரே ஒரு தடவை, நீ சும்மா இரு.

உன் அம்மா